நாலு பாயிண்டை எங்கே போடுவது?

கோத்தகிரி பஜாரில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் ஓய்ந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் புராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வரும்வரை மெஷின் சும்மாதான் இருக்கும். அந்த நேரத்தில் கவுண்டரிலேயே ஓரமாக டிராவியன் திறந்து வைத்திருப்பேன். முதலாளிக்கும் தெரியும். வேலை நிற்காதவரை அவர் ஒன்றும் சொன்னதில்லை.

போன வாரம் பிரிண்ட் எடுக்க வந்த பாலிடெக்னிக் பையன் ஒருவன் திரையைப் பார்த்ததும், "அண்ணா, நீங்களும் ஆடுவீங்களா?" என்று நின்றுவிட்டான். அவனும் புதிதாக ஆரம்பித்திருக்கிறான். கேட்ட முதல் கேள்வியே, "ஹீரோ பாயிண்டை நாலுலயும் சமமா பிரிச்சுப் போடலாமாண்ணா, இல்ல ஒண்ணுலயே கொட்டணுமா?" என்பதுதான். கடையில் ஆள் நிற்கும்போது இதற்குப் பதில் சொல்லி முடியாது. இந்த விஷயத்தில் நான் ஒரு படையையே பறிகொடுத்திருக்கிறேன். அப்புறம் என்னால் என் அக்காவின் ஊரும் அடி வாங்கியது. அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன்.

ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம். டிராவியன் 2004-ல் ஜெர்மனியில் தொடங்கிய பிரவுசர் விளையாட்டு. முதலில் ஒரு சின்ன ஊர் கொடுப்பார்கள். மரம், களிமண், இரும்பு, தானியம் நான்கையும் விளைவித்து, ஊரை வளர்த்து, படை திரட்டி, பக்கத்து ஊரை அடிக்கலாம். அல்லது அடி வாங்காமல் காத்துக்கொள்ளலாம். படை புறப்பட்டால் நிஜமான மணிக்கணக்கில் நடந்துதான் போய்ச் சேரும். ஒரு சர்வர் பல மாதம் ஓடும். கடைசியில் யாராவது உலக அதிசயத்தை 100-ஆவது லெவல் வரை கட்டிவிட்டால் ஆட்டம் முடிந்தது. பெரிய கிராஃபிக்ஸ் எதுவும் கிடையாது, நெட் மெதுவாக இருந்தாலும் ஓடும். மழைக்காலத்தில் சிக்னலைத் தேடி ஜன்னல் ஜன்னலாக நடக்கிற எங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு ஹீரோ உண்டு. அவன் ஒரு லெவல் ஏறினால் 4 பாயிண்ட் கிடைக்கும். போடுவதற்கு நான்கு இடங்கள்: சண்டை பலம், தாக்குதல் போனஸ், தற்காப்பு போனஸ், விளைச்சல். ஒவ்வொன்றிலும் 100 வரை போகலாம். நான் ஆடிய நான்காம் பதிப்பில், சாதாரண வேக சர்வரில் கணக்கு இதுதான். சண்டை பலத்தில் ஒரு பாயிண்ட் போட்டால் ஹீரோவின் பலம் 80 கூடும், ரோமன் இனம் என்றால் 100. தாக்குதல் போனஸில் ஒரு பாயிண்டுக்கு, ஹீரோவோடு போகும் படை முழுவதன் பலமும் 0.2 சதவீதம் கூடும். தற்காப்பிலும் அதே 0.2. விளைச்சலில் ஒரு பாயிண்டுக்கு மணிக்கு நான்கு பொருளிலும் மும்மூன்று வரும்.

2018-ல் நான் ஆடிய சுற்றில் எல்லாவற்றையும் சமமாகப் பிரித்தேன். லெவல் ஏறினால் நான்கு பாயிண்டையும் நான்கு இடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவேன். எங்கள் வீட்டில் வளர்ந்தவன் வேறு எப்படியும் செய்ய மாட்டான். தாத்தா காலத்தில் எங்கள் சரிவு முழுக்க உருளைக்கிழங்குதான். 1961-ல் நீலகிரியில் முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் நிலத்திலும் கிழங்கு வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போக, தாத்தா தேயிலைக்கு மாறினார். அப்புறம் 2000-ஐ ஒட்டிப் பச்சைத் தேயிலை விலை விழுந்தபோது, கொழுந்து பறிக்கும் கூலிக்கே காசு வராமல் அப்பா இலையைச் செடியிலேயே விட்ட நாட்கள் எனக்கு நினைவிருக்கிறது. அந்த வருடங்களில் எங்களைச் சாப்பிட வைத்தது அம்மா வீட்டுக்குப் பின்னால் போட்ட பீன்ஸும் காரட்டும் பூண்டும்தான். ஒன்றையே நம்பாதே என்பதை அம்மா வாயால் சொன்னதில்லை, பாத்தி கட்டிக் காட்டியிருக்கிறார்.

சரி, சண்டைக்கு வருகிறேன். நான் டியூட்டன் இனம். டியூட்டனின் அடிப்படை வீரன் கிளப்ஸ்விங்கர், நாங்கள் கிளப்ஸ் என்போம். தாக்குதல் பலம் 40. விலை நான்கு பொருளும் சேர்த்து 250. சிறுகச் சிறுகச் சேர்த்து 1,200 கிளப்ஸ் வைத்திருந்தேன். ஹீரோவிடம் 64 பாயிண்ட், நான்கு இடத்திலும் பதினாறு பதினாறு. வடக்கே ஒருவர் எங்கள் அலையன்ஸ், அதாவது கூட்டணி, ஆட்களை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருந்தார். அவரை ஒரு கை பார்ப்பது என்று முடிவானது. நான் முன்னால் போய்ப் படையை அழிக்க வேண்டும். நான்கு வினாடி தள்ளி எங்கள் அலையன்ஸ் அண்ணன் ஒருவரின் 15 கேட்டபுல்ட் வந்து கட்டடங்களை உடைக்கும். இரவு பதினொன்றே காலுக்குப் போய்ச் சேரும்படி அனுப்பினோம். போர்வைக்குள் ஃபோனை வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தேன்.

ரிப்போர்ட் சிவப்பில் வந்தது. 1,200 பேரில் ஒருவன்கூடத் திரும்பவில்லை. எதிரில் யார் நின்றார்கள் என்று பார்த்தால் அந்த வரிசை முழுக்கக் கேள்விக்குறி. தாக்கப் போனவன் ஒருவனாவது உயிரோடு திரும்பினால்தான் எதிரியின் கணக்கு தெரியும். நான்கு வினாடியில் அண்ணனின் பதினைந்து கேட்டபுல்ட்டும் போனது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "சரிப்பா, தூங்கு" என்று மட்டும் அனுப்பினார். அன்றைக்கு நான் தூங்கவில்லை.

சுற்று முடியும் சமயத்தில் அந்த எதிரி அவராகவே தன் பக்கத்து ரிப்போர்ட்டைக் காட்டினார். மதில் எல்லாம் சேர்த்து அவருடைய தற்காப்பு 52,000-க்குப் பக்கம். மறுநாள் கடையில் வீணான ஜெராக்ஸ் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தேன். வீரர்களின் பலத்தைக் கூட்டும் ஸ்மித்தியில் அப்போது நான் எதையும் ஏற்றியிருக்கவில்லை, அதனால் கணக்கு எளிது. கிளப்ஸ் 1,200 பெருக்கல் 40, 48,000. ஹீரோ தன் அடிப்படை 100-ம் பதினாறு எண்பதுகளும் சேர்த்து 1,380. தாக்குதல் போனஸ் 3.2 சதவீதம், 1,536. மொத்தம் 50,916. ஆயிரத்துச் சொச்சம் குறைந்து தோற்றிருக்கிறேன்.

அந்த 64-ஐயும் சண்டை பலத்திலேயே போட்டிருந்தால் 53,220. தாக்குதல் போனஸிலேயே போட்டிருந்தால் 54,244. எதில் கொட்டியிருந்தாலும் ஜெயித்திருப்பேன். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு, பாதிப் பாயிண்டை அந்தச் சண்டைக்கே உதவாத தற்காப்பிலும் விளைச்சலிலும் முடக்கியதால்தான் தோற்றேன். ஜெயித்திருந்தாலும் நாற்பதோ எழுபதோ பேர்தான் திரும்பியிருப்பார்கள், அது உண்மை. ஆனால் எதிரில் ஒருவன் மிஞ்சியிருக்க மாட்டான். தோற்றதில் அவருக்கு நூற்றுக்கு மூன்று பேர் மிஞ்சினார்கள், தற்காப்பில் ஆயிரத்து ஐநூறு சொச்சம். பதினைந்து கேட்டபுல்ட்டின் பலம், ஆளுக்கு 60 வீதம், 900. அந்த மூன்று சதவீதம் போதுமானதாக இருந்தது அவருக்கு. என் ஹீரோ எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவனாக இருந்தான், அன்றைய இரவுக்கு வேண்டியது மட்டும் அவனிடம் போதவில்லை.

அந்தத் தாளிலேயே இன்னொரு கணக்கும் பிடிபட்டது. புதிதாக ஆடுகிறவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். சண்டை பலத்தில் ஒரு பாயிண்ட் எப்போதும் 80தான். தாக்குதல் போனஸில் ஒரு பாயிண்ட் என்பது படையின் 0.2 சதவீதம். படையின் பலம் 40,000 ஆகும்போது அந்த 0.2 சதவீதமும் 80. ஆக, 1,000 கிளப்ஸுக்குக் கீழே இருப்பவன் தாக்குதல் போனஸில் போடுகிற ஒவ்வொரு பாயிண்டும் நஷ்டம். அதற்கு மேலே போனவன் சண்டை பலத்தில் போடுகிற ஒவ்வொரு பாயிண்டும் நஷ்டம். ரோமனுக்கு அந்தக் கோடு 50,000-ல் விழும்.

விளைச்சல் கணக்கு என்னை இன்னும் அதிரவைத்தது. நூறு பாயிண்டையும் அதில் போட்டால் மணிக்கு 1,200 பொருள், ஒரு நாளைக்கு 28,800. கிளப்ஸாக மாற்றினால் நாளொன்றுக்கு 115 பேர். அதே நூறைச் சண்டை பலத்தில் போட்டால் 8,000 பலம், அதாவது 200 கிளப்ஸ். இரண்டே நாளில் விளைச்சல் ஹீரோ அந்த 200 பேரைச் சம்பாதித்துக் கொடுத்துவிடுவான். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். கிளப்ஸ் தானியம் தின்னும், ஹீரோ பலம் தின்னாது என்று வாதிடலாம். ஆரம்பத்தில் அட்வென்ச்சருக்குப் போகும்போது பலமுள்ள ஹீரோவுக்குக் காயம் குறையும், அதுவும் உண்மைதான். ஆனாலும் முதல் சில வாரங்களுக்கு நான் இப்போது விளைச்சலைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. படையின் பலம் 40,000-ஐத் தாண்டியதும் ஞானப் புத்தகம் ஒன்றை ஏலத்தில் வெள்ளி கொடுத்து வாங்கி, போட்ட பாயிண்ட் அத்தனையையும் பிடுங்கித் தாக்குதல் போனஸில் நட்டுவிடுவேன்.

பிடுங்கி நடலாம் என்பதுதான் விளையாட்டுக்கும் எங்கள் சரிவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு தேயிலைச் செடியை நட்டால் அது மூன்று தலைமுறைக்கு அங்கேயே நிற்கும். விலை விழுந்த வருடம் அதைப் பிடுங்கிக் காரட் போடுவேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு ஞானப் புத்தகம் கிடையாது. அதனால் அம்மாவின் பாத்தி நிலத்துக்குச் சரி. அதை அப்படியே ஹீரோவுக்குக் கொண்டுபோனது என் தவறு.

ஒன்றிலேயே கொட்டினால் மற்ற மூன்றும் பூஜ்யமாக நிற்குமே, அதற்கு என்ன செய்வது? இங்கேதான் அக்கா வருகிறாள். பெரியம்மா மகள். தேவாலா பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. என்னைப் பார்த்து 2019-ல் ஆட ஆரம்பித்தவள், மூன்றே வாரத்தில் என்னைவிட நன்றாக ஆடினாள். அவள் எடுத்தது கால்ஸ் இனம், தற்காப்புக்குப் பேர்போனது. அவள் வீரன் ஃபாலங்ஸ், விலை 315, காலாட்படைக்கு எதிராக 40, குதிரைக்கு எதிராக 50.

"நீ அடிக்கிறதைப் பாரு. உன் ஊரை நான் பாத்துக்கறேன்" என்றாள் ஒரு நாள் ஃபோனில்.

"உன் ஊரை யாருக்கா பாப்பா?"

"எனக்கு எதிரி இல்லடா. நான் யாரையும் அடிக்கலையே."

அன்றிலிருந்து என் ஹீரோ தாக்குதலுக்கு, அவள் ஹீரோ விளைச்சலுக்கு. அவள் சம்பாதித்து ஃபாலங்ஸ் செய்து என் ஊருக்கு அனுப்புவாள். அந்த 600 பேரும் என் தானியத்தைத் தின்பார்கள், அதற்கும் சேர்த்து அவளே வணிகரிடம் தானியம் கொடுத்தனுப்புவாள். என் படை வெளியே போயிருக்கும்போது என்னை அடிக்க வந்த இருவர் அந்த ஃபாலங்ஸ் சுவரில் மோதி அழிந்தார்கள். என் ஹீரோவிடம் தற்காப்பு பூஜ்யம், ஆனால் என் ஊர் அந்தப் பகுதியிலேயே பலமான ஊர். அதுவரை அவ்வளவு நிம்மதியாக நான் ஆடியதில்லை.

ஆகஸ்ட் 8, வியாழக்கிழமை. அந்த மழையை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. கூடலூர் பக்கம் மரங்கள் விழுந்து, கரண்ட் போய், டவரும் போய், அக்காவின் ஃபோன் முந்தைய நாளிலிருந்தே அடிக்கவில்லை. காலையிலிருந்து பெரியம்மா எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். கூடலூரில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, அவர் வேறொருவரை அனுப்பி, மதியம்தான் "ஆட்கள் பத்திரம்" என்ற செய்தி வந்தது. வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்து தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுபோய்விட்டதாம். பிள்ளைகள் நலம் என்று கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

விளையாட்டின் ஞாபகம் சாயங்காலம்தான் வந்தது. டிராவியனில் நம் கணக்கைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை சிட்டராக வைக்கலாம். அக்காவின் சிட்டர் நான். அவள் கணக்கைத் திறந்தால், ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு வாள். அவள் யாரையும் அடித்ததில்லை. ஆனால் என் ஊருக்குத் தின்னக் கொடுப்பவள் அவள்தான் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். வந்து சேர 2 மணி 10 நிமிடம்.

அவள் ஊரில் இருந்தது நாற்பது ஃபாலங்ஸ். மற்ற 600 பேரும் என்னிடம். என் ஊருக்கும் அவள் ஊருக்கும் 21 கட்டம், ஃபாலங்ஸ் மணிக்கு 7 கட்டம் நடக்கும், மூன்று மணி நேரம். விரலால் மேசையில் தட்டித் தட்டி மூன்று முறை வகுத்துப் பார்த்தேன், மூன்று முறையும் மூன்று மணி நேரம்தான் வந்தது. திருப்பி அனுப்பினால் கொள்ளை போன ஊருக்குத்தான் போய்ச் சேருவார்கள். அந்த நாற்பது பேரை வெளியே அனுப்பிக் காப்பாற்றினேன். அவளிடம் 12 வணிகர்கள் இருந்தார்கள், ஆளுக்கு 750 தூக்குவார்கள். அந்த 9,000-ஐ என் ஊருக்கு ஓட்டினேன். மிச்சத்தில் முடிந்ததைச் செலவழித்துக் கட்டடம் ஏற்றினேன். கடையில் கரண்ட் இல்லை. யூபிஎஸ் கத்த ஆரம்பித்ததும் அதை அணைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி, ஃபோன் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். நேரம் பூஜ்யமானது. கிடங்கு காலி, இரண்டு தானிய வயல் லெவல் இறங்கின. அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு முறை வந்தார்கள்.

நான்காம் நாள் சாயங்காலம் அக்கா அழைத்தாள். முதலில் வீட்டைப் பற்றி, மண்ணை அள்ளுவதைப் பற்றி, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து போனதைப் பற்றிப் பேசினாள். நான் ஊர் விஷயத்தைச் சொல்லி, "என்னாலதாங்க்கா. உன் படையெல்லாம் என்கிட்ட நின்னுது" என்றேன். இனிமேல் அவளும் பாதிப் பாயிண்டைத் தற்காப்பில் போட்டுக்கொள்ளட்டும், நானும் போடுகிறேன், மறுபடி சமமாகப் பிரிப்போம் என்றும் சொன்னேன்.

"பாயிண்டைத் தொடாதே. படையைப் பிரி" என்றாள்.

அவள் சொன்னது எனக்குப் பிடிபட இரண்டு நாள் ஆனது. அவள் ஊரில் இருந்த நாற்பது பேருக்கு, நூறு பாயிண்டைத் தற்காப்பில் போட்டாலும் 20 சதவீதம் கூடும். எட்டு பேருக்குச் சமம். எட்டு பேரால் அந்த ஊர் நின்றிருக்காது. 300 ஃபாலங்ஸ் அங்கே நின்றிருந்தால் நின்றிருக்கும். படையை மூன்று மணி நேரத்தில் இடம் மாற்றலாம், பாயிண்டை மாற்றப் புத்தகம் வேண்டும். அம்மாவும் தேயிலையைப் பிடுங்கவில்லை, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில்தான் பாத்தி கட்டினார். ஹீரோக்கள் அவரவர் வேலையிலேயே இருந்தார்கள். ஃபாலங்ஸ் 300 அவளிடம், 300 என்னிடம். சிட்டருக்கு இரண்டாவது ஆளாக, மலையில் இல்லாத ஒருவரை, கோயம்புத்தூரில் இருக்கும் அலையன்ஸ் நண்பரை வைத்துக்கொண்டோம். இரண்டு பேரும் ஒரே மழையில் நனைகிறவர்களாக இருந்தால் சிட்டர் வைத்து என்ன பயன்? அந்தச் சுற்று முடியும்வரை அவள் ஊர் மறுபடி விழவில்லை.

ஆக, அந்தப் பையனுக்கு என் பதில், நீ தனியாக ஆடுகிறாயா என்பதைப் பொறுத்தது. தனி ஆள் என்றால் நாலு பக்கமும் நீயேதான், கொஞ்சம் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அப்படி ஆடுகிறவன் பெரிய சண்டைக்குப் போகக் கூடாது, போனால் என் 1,200 பேர் கதிதான். பக்கத்தில் நம்பகமான ஒரு ஆள் இருந்தால் ஒன்றிலேயே கொட்டு, அவரை இன்னொன்றில் கொட்டச் சொல்லு. உன்னிடம் இல்லாதது அவரிடம் இருக்கிறதா, அவர் நான்கு நாள் காணாமல் போனால் என்ன ஆகும் என்று மட்டும் முதல் நாளே உட்கார்ந்து பேசிவிடு.

அவன் சனிக்கிழமை ரெக்கார்ட் நோட் பைண்டிங் வாங்க வருவான். கேட்டுப் பார்த்தேன், அவனும் எங்கள் சர்வரில்தான் இருக்கிறான், புது ஊர் அமைக்க வேண்டிய மூன்று செட்லரும் தயாராக வைத்திருக்கிறானாம். என் ஊருக்கும் அக்கா ஊருக்கும் நடுவில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஆறு தானிய வயல் உள்ள சாதாரண இடம்தான், இருந்தாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றரை மணி நேரத்தில் ஃபாலங்ஸ் வந்துவிடும். அந்த இடத்தின் எண்ணைத் துண்டுத் தாளில் எழுதிக் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.